முகங்கொடுத்தலும் முகங்காட்டலும்

தமிழில் ‘முகங்கொடுத்துப் பேசுதல்’ என்றொரு வழக்கு உண்டு. வந்தவனை ஏறிட்டு நோக்கி, அவன் சொல்லுக்குச் செவிசாய்த்து, அவனையும் ஒரு மனிதனாக மதித்து உரையாடுதல் என்பது அதன் பொருள். கச்சேரிக்குப் போய்த் திரும்பிய மூதாட்டி ஒருத்தி, ‘அந்த ஐயா முகங்கொடுக்கவில்லை’ என்று சொல்வாளாயின், அவர் தன்னைப் பார்க்கவேயில்லை என்று அவள் சொல்லவில்லை. பார்த்தும் பாராதவர்போல இருந்தார் என்கிறாள். ‘முகங்காட்டுதல்’ என்பது வேறொன்று. கலியாண வீட்டில் வாசல்வரை வந்து தலையசைத்துத் திரும்புவோன் முகங்காட்டுகிறான். அவனிடம் எவரும் எதனையும் எதிர்பார்ப்பதில்லை. அவனும் எவருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலந்தொட்டு நம் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் காணொளிக் கூட்டம் என்னும் புதுமுறை வந்து குடியேறியிருக்கிறது. நோய் தணிந்த பின்னும் அது போகவில்லை. ஒரே மண்டபத்தில் கூடிப் பேசிய பல விடயங்கள் இன்று திரையிற் பேசப்படுகின்றன. இம்முறை நமக்கு முகங்கொடுத்தலைத் தருகிறதா, முகங்காட்டலோடு நின்றுவிடுகிறதா? இவ்வினாவுக்கு விடை தேட, கருவி செய்வோரிடம் போவதிலும் வரலாற்றிடம் போவது நன்று. கல்முனையை நடுவாகக்கொண்டு மருதமுனை முதல் பொத்துவில் வரை நீண்டுகிடக்கும் நம் கரையோரத்தின் வரலாறு இதற்கு ஏற்ற உரைகல்லாகும். ஏனெனில், தொலைவிலிருந்து ஆளப்படுதல் என்பதன் பொருளை நன்கறிந்த மக்கள் இங்கே வாழ்கின்றனர்.

திருக்குறளைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் பொருட்பாலின் அதிகார வைப்பு முறையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். 69ஆம் அதிகாரம் தூது, 70 மன்னரைச் சேர்ந்தொழுகல், 71 குறிப்பறிதல், 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. ஐந்தும் அதிகாரத்தின் முன்னிலையில் நின்று தொழில் செய்வோனுக்கு வகுக்கப்பட்டவை. தொலைவிலுள்ளோரிடம் சொல்லைக் கொண்டுசேர்ப்பதற்கு ஓர் அதிகாரம் போதுமென எண்ணிய ஆசிரியர், எதிரே இருப்போரின் முகத்தையும் அவையையும் அறிதற்குத் தனித்தனியே இடம் வைத்தார். குறிப்பறிதல் என்னும் அதே தலைப்பு 110ஆம் அதிகாரமாகக் காமத்துப்பாலிலும் மீண்டும் வருகிறது. இதன் சமூகப் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஆணையிடுவோன் பிறர் முகத்தைப் படிக்காமலும் வாழ்ந்துவிடலாம். ஆணைக்குட்பட்டவனுக்கு அது முடியாது. எப்போது பேசலாம், எப்போது அடங்கலாம், யார் தன் பக்கம் நிற்பார் என்பதை அவன் கண்ணாலேதான் அளந்தறிகிறான். குறிப்பறிதல் என்பது கீழே நிற்பவனின் கல்வி. அவனுக்குள்ள சில ஆயுதங்களுள் ஒன்று.

இனி, நம் கரையோரத்தின் தொலைவைக் கணக்கிடுவோம். புகையிரதம் 1928இல் மட்டக்களப்பை அடைந்தது; அதற்குத் தெற்கே வரவில்லை. ஆதலால் கல்முனையாருக்கும் சம்மாந்துறையாருக்கும் அக்கரைப்பற்றாருக்கும் கொழும்புப் பயணம் என்பது பெரும்பாலும் இரவு முழுதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பயணமாகவே இருந்துவருகிறது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து இப்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டத்துள் அடங்கியது. கச்சேரியோ கரையோர ஊர்களில் அமையாது, உள்நாட்டில், கல்லோயாக் குடியேற்றத்தோடு வளர்ந்த அம்பாறை நகரில் அமைந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தைத் தனி அரசகரும மொழியாக்கியிருந்தது. தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பிற் சொல்லப்படுவதற்கு 1987இன் 13ஆம் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காணிப் பத்திரத்தோடு கச்சேரிக்குப் புறப்பட்ட தமிழ் பேசும் விவசாயி, வழியின் தொலைவையும் மொழியின் தொலைவையும் ஒருங்கே கடக்க வேண்டியிருந்தது. கரையோரத்துக்கெனத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை ஓயாதிருப்பதற்கு இத்தொலைவும் ஒரு காரணம்.

ஆகவே, கொழும்பிலிருக்கும் அதிகாரியைக் கல்முனையிலிருந்தே கண்டு பேசலாம் என்னும் செய்தி இம்மக்களுக்கு இனிப்பாக இருத்தல் இயல்பே. இரண்டு இரவுப் பயணமும், ஒருநாட் கூலியிழப்பும், உணவுச் செலவும் மிஞ்சுகின்றன. இந்நன்மையை ஏளனஞ் செய்வோர் அப்பயணத்தைச் செய்து பாராதவராகத்தான் இருக்க வேண்டும். ஆயினும் ஒரு கருவி தொலைவைக் குறைக்கிறது என்று சொல்லும்போது, எந்தத் திசையிற் குறைக்கிறது என்றும் கேட்க வேண்டும். மேலிருந்து கீழே ஆணை வருவதற்கான தொலைவா? கீழிருந்து மேலே குறை செல்வதற்கான தொலைவா?

இக்கேள்வி புதியதன்று. இலங்கையின் முதல் தந்திக்கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே இழுக்கப்பட்டது. அன்று காலி பெருங்கப்பல்கள் வந்துதங்கும் துறைமுகம். ஆட்சிக்கும் வணிகத்துக்கும் எங்கே விரைவு வேண்டியிருந்ததோ அங்கே கம்பி சென்றது. உழவனின் முறைப்பாடு விரைந்து செல்லவேண்டும் என்பதற்காக எவரும் கம்பம் நாட்டவில்லை. முகத்தையும் குரலோடு அனுப்பும் கருவிக்கும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. 1936 மார்ச் 1ஆம் நாள் ஜெர்மனியின் அஞ்சல்துறை பேர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே பொதுமக்களுக்கான காட்சித் தொலைபேசியைத் தொடக்கியது. போர் வந்ததும் அது மறைந்தது. 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியாகிய ஏ.டி. அன்ட் டி. தனது படத்தொலைபேசியைக் காட்சிக்கு வைத்தது. 1970இல் பிற்ஸ்பேர்க் நகரில் மாதம் 160 டொலர் கட்டணத்தில் அது விற்பனைக்கு வந்தது. வாங்குவோர் இல்லாமையால் சில ஆண்டுகளிலே அம்முயற்சி மடிந்தது. எதிரே போய்ப் பேச முடிந்த மனிதர் எவரும் அவ்விலை கொடுத்துத் திரையிற் பேச விரும்பவில்லை.

ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின் நிலைமை தலைகீழாயிற்று. 2011இல் நிறுவப்பட்ட சூம் என்னும் கம்பனியின் கூட்டங்களில் 2019 டிசெம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடி பேர் அளவில் பங்குபற்றினர். 2020 ஏப்ரலில் அத்தொகை முப்பது கோடியாயிற்று. நான்கு மாதத்தில் மனித இயல்பு மாறிவிடவில்லை. கொள்ளைநோய் மனிதரைப் பிரித்துவைத்தது. பிரிந்தோருக்கு வேறு வழியிருக்கவில்லை. இங்கே வரலாறு நமக்கு ஓருண்மையைச் சொல்கிறது: விருப்பத்தினால் பரவாத கருவி கட்டாயத்தினால் பரவியது. கட்டாயம் நீங்கிய பின்னும் அது நிலைப்பதற்குக் காரணம் வேறு. மண்டபச் செலவு, பயணப்படி, தங்குமிடச் செலவு ஆகியன வேலைகொள்வோனுக்கு மிஞ்சின. மிஞ்சிய அச்செலவு எங்கே போயிற்று என்பதைப் பின்னர் காண்போம்.

முதலில், ஒருவரையொருவர் நேரிற் கண்டு பேசியதால் இந்நாட்டின் உழைப்பாளிகள் பெற்றது என்ன என்பதை அறிதல் வேண்டும். நம் மாவட்டத்திலிருந்தே மூன்று சான்றுகளைக் காட்டலாம்.

முதலாவது, வயற்கூட்டம். ஆளுநர் ஹென்றி வோர்டின் காலத்தில், 1856இன் 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம் நெற்செய்கை பற்றிய பழைய வழக்காறுகளுக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. ஒவ்வொரு போகத்தின் முன்னும் காணியுடையோரைக் கூட்டி, பெரும்பான்மையோர் முடிவுப்படி நீர்முறையை வகுக்க அது வழிசெய்தது. இன்றும் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் நடைபெறுகிறது. குளத்தில் எவ்வளவு நீருண்டு, முதல் தண்ணீர் எந்நாள், கடைசித் தண்ணீர் எந்நாள், எத்தனை மாதத்து நெல்லினம் விதைப்பது, மாடுகளை எந்நாளுக்குள் வயல்வெளியை விட்டு அப்புறப்படுத்துவது என்பனவெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன.

இக்கூட்டத்தை ஒரு பொற்காலமாகப் புனைந்துரைப்பது நம் நோக்கமன்று. அதில் நெடுங்காலம் போடிமாரின் குரலே ஓங்கி ஒலித்தது. குத்தகைக்காரனும் முல்லைக்காரனும் ஓரமாக நின்றனர். நீர் பங்கிட நியமிக்கப்பட்ட வட்டை விதானை பெரும்பாலும் நிலமுடையோர் பக்கமே சாய்ந்தார். ஆயினும் ஓரமாக நின்றவனும் அங்கே நின்றான் என்பதை மறத்தலாகாது. அவன் முணுமுணுப்பு காதில் விழுந்தது. கடைமடைக்காரர் பத்துப்பேர் ஒருங்கே தலையசைத்து மறுத்தால் பொறியியலாளர் அதைக் கண்டார். 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் விதானை முறையை அகற்றி, பயிர்ச்செய்கைக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை உழுவோர்க்கு வழங்கியது. அதனை எழுதிய கை கொழும்பிலிருந்தது உண்மையே. அச்சட்டத்துக்கு உயிர்கொடுக்க வேண்டியிருந்தோர், நூறாண்டுக் காலம் வயற்கூட்டங்களின் ஓரத்தில் நின்று யார் யாருடைய ஆள் என்பதைக் கண்ணாற் படித்துக்கொண்டவர்களே.

இரண்டாவது சான்று 1942ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. உணவுப் பஞ்சத்தை எதிர்கொள்ளக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரியொன்று திறக்கப்பட்டு, உதவி அரசாங்க அதிபராக ஏ.எம்.ஏ. அஸீஸ் அனுப்பப்பட்டார். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். அவருக்கு இடப்பட்ட பணி நெல்லுற்பத்தியைப் பெருக்குதல். கொழும்பில் அமர்ந்து தந்தியடித்து அப்பணியைச் செய்ய இயலாதென்று அரசு உணர்ந்தமையாலேயே கச்சேரி இங்கு வந்தது. வந்த அதிகாரி வயலை மட்டும் பார்க்கவில்லை. வயலுக்குப் பின்னேயிருந்த வீட்டையும், வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போகாத பிள்ளையையும் கண்டார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாயிற்று. வறிய மாணவர் பலர் பல்கலைக்கழகம் செல்ல அந்நிதி கைகொடுத்தது. நெல்லுக்காக வந்த ஒருவரிடமிருந்து கல்வி பிறந்தமை எதனால்? எந்த நிகழ்ச்சி நிரலிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. நேரில் வந்தவன் கண்ணில், கேளாத கேள்விக்குரிய விடையும் படுகிறது. குறித்த நேரத்திலே தொடங்கிக் குறித்த நேரத்திலே மறையும் திரையில் அதற்கு இடமில்லை. எதிர்ப்பக்கத்தார் எதைக் காட்டுகிறாரோ அதுவே தெரியும்.

மூன்றாவது சான்று கல்லோயாவின் இடதுகரை. 1949இல் தொடங்கிய அப்பெருந்திட்டம் முப்பதாண்டுக்குள் சீர்கெட்டிருந்தது. வாய்க்கால்கள் தூர்ந்தன, மதகுகள் உடைந்தன, கடைமடைக்கு நீர் போய்ச் சேரவில்லை. அதனைத் திருத்தும் பணியில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சியை மேற்கொண்டன. 1981இல் இளம் பட்டதாரிகள் அமைப்பாளராக வயற் குடியிருப்புகளுக்கே சென்று தங்கினர். அவர்கள் முதலிற் கூட்டம் கூட்டவில்லை. வீடுவீடாகச் சென்று தனித்தனியே பேசினர். அதன் பின்னரே ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோரைச் சிறு குழுக்களாகக் கூட்டினர். அச்சிறுபோகத்தில் குளத்தில் நீர் மிகக் குறைவு. வழக்கப்படி அடிதடியும் வழக்கும் நேர்ந்திருக்க வேண்டிய காலம். ஆனால் விவசாயிகள் தாமே இறங்கி வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்படுத்திய நீரைக் கீழ்மடைக்கு விட்டனர். மேல்மடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைமடையில் தமிழ் விவசாயிகள். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட அதே 1981ஆம் ஆண்டில் இது நடந்தது. நாட்டின் அரசியல் பிளந்துகொண்டிருந்த வேளையில், ஒரே வாய்க்காற்கரையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த உழவர்கள் நீரைப் பங்கிட்டனர்.

இம்மூன்று சான்றுகளையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

2020 மார்ச் நடுப்பகுதியில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஏப்ரல் இறுதியில் மீண்டும் மூடப்பட்டு, ஒக்டோபர் 21ஆம் நாள்தான் படிப்படியாகத் திறக்கப்பட்டன. நம் கரையோரத்துக்கு இதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது: 2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றும், ஆண்டு முடிவில் கல்முனையின் பல கிராம சேவகர் பிரிவுகளும் தனிமைப்படுத்தப்பட்டன. இக்காலத்தில் கற்பித்தல் என்னும் தொழில் கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. வட்ஸ்அப்பில் பாடம்; சூமில் வகுப்பு; வலயக் கல்விப் பணிமனையின் கூட்டமும் அதே திரையில். ஆசிரியரின் வீடே பாடசாலையும் கந்தோருமாயிற்று.

இப்போது அந்த மிஞ்சிய செலவு எங்கே போயிற்று என்று பார்ப்போம். கரும்பலகையை அரசு தந்தது. வெண்கட்டியை அரசு தந்தது. கட்டிடத்தையும் மின்சாரத்தையும் அரசு தந்தது. திரையை எவரும் தரவில்லை. ஆசிரியர் தம் தொலைபேசியில் தம் சம்பளத்திலிருந்தே டேட்டாவுக்கு ரீலோட் செய்தார். மாணவனின் தந்தை தம் கூலியிலிருந்து செய்தார். நாட்டின் வீடுகளில் கணினியுடையவை அன்று நூற்றுக்கு ஏறத்தாழ 22 மட்டுமே; மற்றையோர்க்குத் தொலைபேசியின் சிறு திரைதான் வகுப்பறை. பல்கலைக்கழக மாணவர்க்கோ லேர்ண் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாகச் சூம் விரிவுரைகளைக் கட்டணமின்றி அடையும் வசதி 2020இல் செய்துகொடுக்கப்பட்டது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவனும் அதனாற் பயன்பெற்றான். இதிலிருந்து தெரிவது யாது? செலவைப் பொதுவில் ஏற்க அரசுக்கு இயலும் என்பதே. பல்கலைக்கழகத்துக்கு இயன்றது, பாடசாலையின் நாளாந்த வகுப்புக்கு இயலாமற் போனது.

வகுப்பில் என்ன நடந்தது? நாற்பது பிள்ளைகளைக் கொண்ட வகுப்பில் ஆசிரியர் பாடஞ் சொல்லும்போது, அவர் கண் நாற்பது முகங்களிலும் உலவுகிறது. ‘விளங்கிற்றா?’ என்று கேட்டால் ‘விளங்கிற்று’ என்று முன்வரிசை சொல்லும். பின்வரிசைப் பிள்ளையின் நெற்றிச் சுருக்கமே உண்மையைச் சொல்லும். திரையிலே நாம் கண்டவை பெயர் எழுதிய கறுப்புச் சதுரங்கள். பிள்ளைகள் கமராவை மூடிவைத்தமைக்கு டேட்டாச் செலவு ஒரு காரணம். சுவர் பூசாத வீடும், ஒரே அறையிற் சமைக்கும் தாயும் வகுப்பார் அனைவர்க்கும் தெரிவதால் வந்த கூச்சம் மற்றொரு காரணம். பாடசாலையில் வெள்ளைச் சீருடை ஓரளவேனும் மறைத்த ஏற்றத்தாழ்வைத் திரை வீட்டுக்குள் நுழைந்து வெளிப்படுத்தியது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே தொலைபேசி. அதுவும் தகப்பன் தோணியேறும்போது அவனோடு கடலுக்குப் போய்விடும்.

மருதமுனையின் தறிக்காரனுக்கும், கரைவலை இழுப்போனுக்கும், வயற்கூலிக்கும் இப்புதுமுறை எந்த வழியையும் காட்டவில்லை. அவர்களுடைய வேலை திரையில் ஏறாது. வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்ற அறிவுரை, சம்பளம் வீட்டுக்கே வந்துசேரும் ஒரு பகுதியாருக்கு மட்டும் பொருந்தியது. ஏனையோர்க்கு அது பட்டினியின் மறுபெயராக ஒலித்தது. உழைப்போர் இவ்வாறு இரு கூறாய்ப் பிரிந்தமையை நம் வரலாற்றாசிரியர்கள் இன்னும் எழுதவில்லை.

ஆசிரியரிடையே நேர்ந்த இழப்பு மற்றொன்று. பாடசாலையில் ஆசிரியர் கூடம் என ஓர் அறை உண்டு. மேலதிகாரியின் சுற்றறிக்கை அங்கேதான் வாசிக்கப்பட்டு, அங்கேதான் அலசப்படும். இளைய ஆசிரியை தன் குறையை மூத்த ஆசிரியையிடம் மெல்லச் சொல்வதும், நாலுபேர் சேர்ந்து அதிபரிடம் போவதும் அவ்வறையிற் பிறப்பவை. திரைக்கூட்டத்தில் ஆசிரியர் நூறுபேர் இருந்தாலும் அவர்கள் நூறு தனியாட்கள். கூட்டத்தை நடத்துவோர் எவர் வாயையும் ஒரு பொத்தானால் அடைக்கலாம். பக்கத்திலிருப்பவரிடம் ‘இது நியாயமா?’ என்று கேட்பதற்குப் பக்கம் என்ற ஒன்றே அங்கில்லை. மொழியின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. தலைநகரிலிருந்து சிங்களத்தில் நடக்கும் கூட்டத்தில், எதிரெதிர் இருந்தால் அருகிலுள்ள தோழர் மெதுவாகத் தமிழிற் சொல்லிவிடுவார். திரையில் அந்த உதவியுமில்லை. விளங்காதவர் பேசாதிருப்பார். பேசாதிருந்தவர் உடன்பட்டவராகக் கணக்கில் எழுதப்படுவார்.

இத்தகைய நிலையிலேதான் 2021ஆம் ஆண்டின் பெரும் போராட்டம் நிகழ்ந்தது. யூலை 8ஆம் நாள் கொத்தலாவலப் பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து ஆர்ப்பாட்டஞ் செய்தோர் கைதாயினர். இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் முதலானோருக்கு நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும், அவர்கள் முல்லைத்தீவிலுள்ள தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். யூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. 24 ஆண்டுகளாகத் தீராதிருந்த ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு தீர்க்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை முன்னுக்கு வந்தது. நூறு நாட்களுக்கு மேல் அவ்விலகல் நீடித்தது. ஒக்டோபர் 25ஆம் நாளே ஆசிரியர்கள் பணிக்குத் திரும்பினர். கேட்டதில் மூன்றிலொரு பங்கு 2022 சனவரி முதல் வழங்கப்பட்டது.

இப்போராட்டத்தைப் பற்றி ஆசிரியரிடையேயும் பெற்றோரிடையேயும் இருவேறு கருத்து இருந்தது, இன்றும் உண்டு. ஏற்கெனவே இழந்த பிள்ளைகள் மேலும் இழந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரலாற்று மாணவன் இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஓராண்டுக்கு மேலாக ஆசிரியர் தம் தொலைபேசியையும், தம் மின்சாரத்தையும், தம் இரவு நேரத்தையும் கொடுத்துச் செய்த வேலை, நிறுத்தப்பட்ட அன்றுதான் வேலையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. திரையில் நிகழும் உழைப்பு எளிதில் உழைப்பென்று எண்ணப்படுவதில்லை. இன்னொன்றும் உண்டு. திரையில் தொடங்கிய மறுப்பு திரையில் வெற்றிபெறவில்லை. நகரங்களின் வீதிகளில் ஆசிரியர் உடலோடு வந்து நின்றபோதுதான் அதற்கு எடை ஏற்பட்டது.

அடுத்த ஆண்டு அதே பாடத்தை வேறு விதமாகக் கற்பித்தது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எரிபொருள் இல்லாமையால் யூன் 20 முதல் அரச ஊழியர் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு பணிக்கப்பட்டனர். பெற்றோலில்லாத நாட்டுக்குத் திரை மருந்தாக எழுதிக்கொடுக்கப்பட்டது. மின்சாரமில்லாத வீட்டில் அம்மருந்தை எவ்வாறு உட்கொள்வது என்று சொல்வாரில்லை. வீட்டிலிருக்கச் சொல்லப்பட்ட மக்கள் மூன்று கிழமைக்குள் கொழும்பு நகரை நிறைத்தமையும், ஆட்சித் தலைவர் நாட்டை விட்டுப் போனமையும் யாவரும் அறிந்தவை.

இவ்வளவும் சொன்னதனால் கருவியை உடைத்தெறிய வேண்டும் என்பது நம் கட்சியன்று. இக்கரையோரத்தார் தொலைவிலிருந்து பேசுவதற்குப் புதியவரல்லர். 1970களின் பிற்பகுதி தொட்டு வளைகுடா நாடுகளுக்குப் போனோர், எழுத்தறியாத தாயருக்கும் மனைவியருக்கும் ஒலிநாடாவிற் பேசிப் பதிவுசெய்து அனுப்பினர். பின்னர் தொலைபேசி வந்தது. இன்று தகப்பன் றியாத்திலிருந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறான். அவ்வீட்டாரிடம் திரை தீயது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கைக்குழந்தையுள்ள ஆசிரியை, நோயாளி, உடற்குறையுடையோர், பொத்துவிலுக்கு அப்பால் ஒதுங்கிய பாடசாலையிற் பணிபுரிவோர் ஆகியோருக்கு ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக முழுநாளைச் செலவிட வேண்டாம் என்பது பெரும் ஆறுதல். போகமுடியாதவனுக்குத் திரை ஒரு வாசல். போகக்கூடியவனை வரவேண்டாம் என்று தடுக்கும்போது அதே திரை மதிலாகிவிடுகிறது.

எனவே சில வரையறைகளை ஆசிரியரும் ஏனைய உழைப்பாளரும் தம் சங்கங்களின் வாயிலாகக் கேட்டுப்பெறுதல் வேண்டும். செய்தி அறிவித்தற்கும், ஏற்கெனவே அறிமுகமானோர் சிறு அலுவல் முடித்தற்கும் திரை போதும். எவருடைய காணி, நீர், சம்பளம், இடமாற்றம், பரீட்சை ஆகியன தீர்மானிக்கப்படுகின்றனவோ அவரை நேரில் இருத்திப் பேசுதல் வேண்டும். வேலைக்கான கருவியையும் டேட்டாவையும் வேலைகொள்வோரே தருதல் வேண்டும். 2020இல் பல்கலைக்கழகங்களுக்குச் செய்யப்பட்டது அதற்கு முன்மாதிரி. கூட்டம் தமிழிலும் நடத்தப்பட வேண்டும். குறைந்தது உடனுக்குடன் தமிழிற் சொல்லப்பட வேண்டும். பேசாதிருந்தோரை உடன்பட்டோராக எழுதலாகாது. கந்தோர் நேரம் முடிந்தபின் வரும் அழைப்புக்கு விடை சொல்லாதிருக்கும் உரிமை வேண்டும். இவை யாவும் பெரும் புரட்சிக் கோரிக்கைகளல்ல. எட்டுமணி நேர வேலைக்காக நம் முன்னோர் போராடியதன் தொடர்ச்சியே இவை.

ஆரம்பக் கூட்டம் இன்றும் போகந்தோறும் நடந்துவருகிறது. அதிகாரிகள் மேடையில், காணிக்காரர் முன்வரிசையில், கடைமடையிலிருந்து சைக்கிளில் வந்தவன் சேற்றுக்காலோடு பின்வரிசையில். சென்ற போகத்தில் தன் கண்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்று அவன் எழுந்து சொல்கிறான். சபை திரும்பிப் பார்க்கிறது. பொறியியலாளர் தாளிலிருந்து கண்ணெடுத்து அவனை நோக்கத்தான் வேண்டும். ஏதேனும் ஒரு விடை சொல்லத்தான் வேண்டும். அந்த விடை பலமுறை பொய்யாக இருந்திருக்கலாம். ஆயினும் அதைப் பொய்யென்று அறிந்துகொண்டோர் நூறுபேர் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். வீடு திரும்பும் வழியில் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே போயினர். எந்த வசதியின் பெயராலும் அந்தப் பின்வரிசையை நாம் விட்டுக்கொடுத்தலாகாது.